ஷேர்டு ஹோஸ்டிங்கில் லாராவெல் அடம்பிடித்தால்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் எழுதிய செயலி உங்கள் கணினியில் நன்றாக ஓடுகிறது. அதையே ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வரில், ஏற்றியதும் வெள்ளைப் பக்கம் வருகிறது, அல்லது 500 வருகிறது, அல்லது முகப்பு மட்டும் திறந்து மற்றதெல்லாம் 404 ஆகிறது. அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகவேண்டாம்.

சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள லினக்ஸ் ஹோஸ்டிங்தான் என் மனதில் இருப்பது. எஸ்எஸ்எச் (கட்டளைவரி வழியாக சர்வரில் நுழையும்) வசதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கோட்இக்னைட்டர் 4, சிம்ஃபனி ஆகியவற்றிலும் பப்ளிக் ஃபோல்டர் அமைப்பு இதே மாதிரிதான் என்பதால், அவற்றைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதில் கணிசமான பகுதி உதவும்.

## முதலில் ஒரு கேள்வி: பிழையைச் சொல்வது யார்?

பிரவுசரிலிருந்து வரும் ஒரு கோரிக்கை மூன்று கை மாறுகிறது. முதலில் அப்பாச்சி அல்லது லைட்ஸ்பீட் என்ற வெப் சர்வர், அடுத்து பிஎச்பி, கடைசியில்தான் லாராவெல். எந்தக் கையில் தவறியது என்று தெரியாமலே, தேடிக் கிடைத்த தீர்வுகளை எல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அப்படிப் போடுகிற தீர்வுகளே புதுப் பிழைகளைக் கொண்டுவரும். பிறகு எது பழையது, எது புதியது என்று பிரிக்கவே முடியாது.

பக்கத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் ஆளைச் சொல்லிவிடலாம். திரையின் நடுவில் சிறிய சாம்பல் எழுத்தில் எண், ஒரு செங்குத்துக் கோடு, பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி என்று இருந்தால் அது லாராவெல் காட்டும் பக்கம். அதாவது கோரிக்கை கடைசி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது; நல்ல செய்தி. இடது ஓரமாகப் பெரிய கறுப்பு எழுத்தில் ‘இன்டர்னல் சர்வர் எரர்’ என்று வந்து, நிர்வாகியைத் தொடர்புகொள்ளச் சொன்னால் பேசுவது சர்வர். லாராவெலுக்கு இப்படி ஒரு கோரிக்கை வந்ததே தெரியாது. எதுவுமே இல்லாத வெள்ளைப் பக்கம் என்றாலோ, பக்கம் இயங்கவில்லை என்று பிரவுசரே சொன்னாலோ பிஎச்பி பாதியில் நின்றுபோயிருக்கிறது.

அடுத்து லாக், அதாவது பிழைப் பதிவு. இதுவும் மூன்று இடம். லாராவெல் தன் பிழைகளை ஸ்டோரேஜ் ஃபோல்டருக்குள் இருக்கும் லாக்ஸ் ஃபோல்டரில் லாராவெல்.லாக் என்ற கோப்பில் எழுதும். பிஎச்பி பெரும்பாலும் இண்டெக்ஸ்.பிஎச்பி இருக்கும் ஃபோல்டரிலேயே எரர்_லாக் என்ற கோப்பை உருவாக்கி அதில் எழுதும். சர்வரின் பிழைகளை சிபேனலின் மெட்ரிக்ஸ் பகுதியில் உள்ள எரர்ஸ் பக்கத்தில் பார்க்கலாம். மூன்றையும் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை ஒரு முறை ரெஃப்ரெஷ் செய்யுங்கள். எதில் புது வரி விழுகிறதோ அங்கேதான் பழுது. லாராவெல் லாக்கில் எண் போட்டு வரிசையாக இறங்கும் பகுதியைக் கண்டு மிரளவேண்டாம். தேதி நேரத்துடன் தொடங்கும் முதல் வரியில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

.என்வி என்ற அமைப்புக் கோப்பில் ‘ஆப்_டீபக்’ அமைப்பை ட்ரூ என்று மாற்றினால் பிழை திரையிலேயே தெரியுமே என்று கேட்கலாம். தெரியும், உங்களுக்கு மட்டுமல்ல, அந்த நேரத்தில் தளத்துக்கு வரும் எல்லாருக்கும். கோப்புப் பாதைகள், டேட்டாபேஸ் வினவல்கள் எல்லாம் அதில் வெளியே வரும். லாக் படிக்க முடிகிற வரை அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

## கோப்புப் பட்டியல் தெரிகிறது, அல்லது முகவரியில் பப்ளிக் சேர்த்தால்தான் தளம் திறக்கிறது

மொத்த புராஜெக்டையும் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டருக்குள் கொட்டியிருக்கிறீர்கள். தளம் வேலை செய்யாததை விடப் பெரிய ஆபத்து இது. உடனே பிரவுசரில் உங்கள் டொமைனுக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் .என்வி என்ற கோப்புப் பெயரும் சேர்த்துத் திறந்து பாருங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுத்தெழுத்தாகத் திரையில் வந்தால், தளத்தை ஓடவைக்கும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அதை மூடுங்கள். டேட்டாபேஸ், மெயில், கட்டணச் சேவை என்று அந்தக் கோப்பில் இருந்த எல்லா ரகசியங்களையும் மாற்றுங்கள். இந்தக் கோப்பைத் தேடி இணையமெங்கும் தானியங்கி நிரல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்க இடமில்லை.

என்கிரிப்ஷனுக்கான சாவியான ‘ஆப்_கீ’யையும் மாற்றவேண்டும். மாற்றினால் உள்நுழைந்திருந்த எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். லாராவெல் மூலம் என்கிரிப்ட் செய்து வைத்த தரவு பழைய சாவி இல்லாமல் திறக்காது. பயனர்களின் பாஸ்வேர்டு ஹாஷ்கள் இந்தச் சாவியைச் சார்ந்தவை அல்ல, அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. லாராவெல் 11 முதல் பழைய சாவியை ‘ஆப்_ப்ரீவியஸ்_கீஸ்’ என்ற வரியில் கொடுத்து வைக்கலாம்.

சரியான அமைப்பு இதுதான்: புராஜெக்ட் ஹோம் ஃபோல்டரில், பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு வெளியே இருக்கவேண்டும். வெளியுலகுக்குத் தெரியவேண்டியது புராஜெக்டின் பப்ளிக் ஃபோல்டர் மட்டும். இதற்கு மூன்று வழிகள், என் விருப்ப வரிசையில் சொல்கிறேன்.

முதல் வழி, டாக்குமென்ட் ரூட்டை (டொமைன் எந்த ஃபோல்டரைக் காட்டுகிறதோ அதை) மாற்றுவது. கூடுதல் டொமைன், சப்டொமைன் என்றால் சிபேனலின் டொமைன்ஸ் பக்கத்திலேயே புராஜெக்டின் பப்ளிக் ஃபோல்டரைக் காட்டிவிடலாம். கணக்கின் முதன்மை டொமைனுக்குப் பெரும்பாலும் அது பப்ளிக்_எச்டிஎம்எல் என்று பூட்டியிருக்கும்.

அப்போது இரண்டாவது வழி: பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டரைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு, அதே பெயரில் புராஜெக்டின் பப்ளிக் ஃபோல்டருக்கு ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு) போடுவது. கோடில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவேண்டியதில்லை.

அதுவும் நடக்கவில்லை என்றால் மூன்றாவது: பப்ளிக் ஃபோல்டரில் இருப்பவற்றை, மறைந்திருக்கும் .எச்டிஅக்சஸ் என்ற சர்வர் அமைப்புக் கோப்பு உட்பட, பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு நகர்த்தி இண்டெக்ஸ்.பிஎச்பியில் பாதைகளைத் திருத்துவது. பேக்கேஜ்கள் இருக்கும் வெண்டார் ஃபோல்டரின் ஆட்டோலோட் கோப்பு, பூட்ஸ்ட்ராப் ஃபோல்டரின் ஆப்.பிஎச்பி, மெயின்டனன்ஸ் கோப்பு என்று மூன்று பாதைகள் அதில் இருக்கும். முதல் இரண்டை மாற்றிவிட்டு மூன்றாவதை விட்டுவிட்டால் தளம் ஓடும். ஆனால் பராமரிப்பு நிலையின்போது முன்கூட்டியே தயார்செய்த பக்கம் காட்டப்படாது. இந்த வழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பப்ளிக் ஃபோல்டர் பழைய இடத்திலேயே இருப்பதாகத்தான் லாராவெல் நினைத்துக்கொண்டிருக்கும். லாராவெல் 10 முதல் ‘யூஸ்பப்ளிக்பாத்’ என்ற மெத்தட் மூலம் புது இடத்தைச் சொல்லிவிடலாம். அதை பூட்ஸ்ட்ராப் ஃபோல்டரின் ஆப்.பிஎச்பியில் எழுதுங்கள். இண்டெக்ஸ்.பிஎச்பியில் எழுதினால் லாராவெலின் கட்டளைவரிக் கருவியான ஆர்ட்டிசானின் கட்டளைகளுக்கு அது தெரியாது. அவை இண்டெக்ஸ் வழியாக வருவதில்லை.

நான்காவதாக ஒன்று இணையத்தில் பரவலாகக் கிடைக்கும்: எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துவிட்டு, .எச்டிஅக்சஸ் மூலம் கோரிக்கைகளை பப்ளிக் ஃபோல்டருக்குத் திருப்பிவிடுவது. வேலை செய்யும். ஆனால் அந்த ஒரு கோப்பு என்றைக்காவது அழிந்தாலோ மாற்றப்பட்டாலோ உங்கள் ரகசியங்கள் நடுத்தெருவில் நிற்கும். வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் செய்யுங்கள்.

## சர்வரின் 500

லாராவெல் லாக்கில் புது வரி இல்லை, சிபேனலின் எரர்ஸ் பக்கத்தில் மட்டும் இருக்கிறது என்றால் .எச்டிஅக்சஸ் கோப்பிலோ அனுமதிகளிலோதான் கோளாறு.

அனுமதிகளை முதலில் பாருங்கள். ‘777 போடு, சரியாகிவிடும்’ என்ற பழைய அறிவுரை ஷேர்டு ஹோஸ்டிங்கில் நேர் எதிராக வேலை செய்யும். இங்கே பிஎச்பி உங்கள் கணக்கின் பெயரிலேயே ஓடுவதால் உரிமையாளருக்கு எழுதும் அனுமதி இருந்தால் போதும்: ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று 777 கொடுத்தால், எஸ்யூஎக்ஸெக் போன்ற பாதுகாப்பு அமைப்புகள் அந்தக் கோப்பை ஓட்டவே மறுத்து 500 காட்டும். ஸ்டோரேஜ் ஃபோல்டருக்கும் பூட்ஸ்ட்ராப்பின் கேஷ் ஃபோல்டருக்கும்கூட 755 போதும்.

.எச்டிஅக்சஸில், ‘பிஎச்பி_வேல்யூ’ என்று தொடங்கும் வரிகள் முதல் சந்தேக நபர். அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பி ஒரு மாட்யூலாக ஓடிய காலத்து வழக்கம் அது. பிஎச்பி தனி பிராசஸாக, எஃப்பிஎம் அல்லது சிஜிஐ முறையில் ஓடும் சர்வரில் அப்பாச்சிக்கு அந்தக் கட்டளையே தெரியாது, உடனே 500. அந்த வரிகளை எடுத்துவிட்டு, வேண்டிய மாற்றத்தை மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டரிலோ .யூசர்.ஐஎன்ஐ கோப்பிலோ செய்யுங்கள். பின்னதில் செய்த மாற்றம் உடனே தெரியாது, பிஎச்பி அதை இயல்பாக 300 விநாடிக்கு ஒரு முறைதான் மறுபடி படிக்கும்.

லாராவெலோடு வரும் .எச்டிஅக்சஸில் ‘ஆப்ஷன்ஸ்’ என்று தொடங்கும் ஒரு வரி உண்டு. சில நிறுவனங்கள் அந்த அதிகாரத்தை வாடிக்கையாளருக்குத் தருவதில்லை. ‘ஆப்ஷன்ஸ் நாட் அலவ்டு ஹியர்’ என்று லாக் சொன்னால் அந்த வரிக்கு முன்னால் ஒரு # போட்டு அணைத்துவிடலாம்.

## வெள்ளைப் பக்கம், அல்லது பிஎச்பி லாக்கில் ஃபேட்டல் எரர்

வெண்டாரின் ஆட்டோலோட் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால் அந்த ஃபோல்டர் வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்திருக்கிறது. பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட்டில் அது சேராது. எஃப்டிபியில் ஏற்றினால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளில் சில நடுவில் விட்டுப்போகும், எது போனது என்றும் தெரியாது. உங்கள் கணினியில் ‘நோ-டெவ்’ விருப்பத்துடன் கம்போசர் (பிஎச்பி பேக்கேஜ்களை நிறுவும் கருவி) இன்ஸ்டால் ஓட்டி, ஜிப் செய்து ஏற்றி, சிபேனலின் ஃபைல் மேனேஜரில் விரித்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்கள் உள்ள நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரை எக்காரணம் கொண்டும் ஏற்றவேண்டாம், கணக்கின் கோப்பு எண்ணிக்கை வரம்பை அதுவே தின்றுவிடும்.

‘கம்போசர் டிபென்டன்சிகளுக்கு இந்த பிஎச்பி பதிப்பு தேவை’ என்று வந்தால் செய்தி நேரடியானதுதான். லாராவெல் 9க்கு பிஎச்பி 8.0.2, லாராவெல் 10க்கு 8.1, லாராவெல் 11, 12 இரண்டுக்கும் 8.2 குறைந்தபட்சம். ஆனால் பலருக்குக் குழப்பம் வருவது வேறு இடத்தில்: உங்கள் கணினியில் 8.3 இருக்க, சர்வரில் 8.2 இருந்தால், லாராவெலுக்கு 8.2 போதும் என்றாலும், கம்போசர் உங்கள் கணினியைப் பார்த்து 8.3 கேட்கும் பேக்கேஜ்களை இறக்கியிருக்கக்கூடும். கம்போசர்.ஜேசன் கோப்பின் கான்ஃபிக் பகுதியில் பிளாட்ஃபார்ம் என்று சேர்த்து சர்வரின் பிஎச்பி பதிப்பை எழுதிவிட்டு அப்டேட் ஓட்டினால், அதற்குப் பொருந்துவதை மட்டும் எடுக்கும்.

சிபேனலில் 8.2 என்று தேர்ந்தெடுத்த பிறகும் பழைய பதிப்பே ஓடுகிறதா? இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, வெப்புக்கு ஒரு பிஎச்பி, கட்டளைவரிக்கு வேறொரு பிஎச்பி என்று ஷேர்டு சர்வர்களில் இருப்பது சகஜம். தளம் ஓடும், ஆர்ட்டிசான் மட்டும் பதிப்பு போதாது என்று அழும். அப்போது வெறும் ‘பிஎச்பி’ என்று எழுதாமல் அந்தப் பதிப்பின் முழுப் பாதையைக் கொடுக்கவேண்டும்; அது என்ன என்று ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது, பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது சிபேனல் .எச்டிஅக்சஸ் கோப்பின் அடியில் சில வரிகளை எழுதிவைக்கும். அடுத்த முறை நீங்கள் உங்கள் கணினியிலிருந்து அதே கோப்பை மேலே எழுதினால் அந்த வரிகள் போய்விடும், தளம் சர்வரின் இயல்புப் பதிப்புக்குத் திரும்பிவிடும். நேற்று வரை ஓடியது, கோடை மட்டும் அப்டேட் செய்தேன், போய்விட்டது என்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

‘குட் நாட் ஃபைண்ட் டிரைவர்’ என்றால் பிடிஓ_மைஎஸ்க்யூஎல் எக்ஸ்டென்ஷன் அணைந்திருக்கிறது. சிபேனலில் பிஎச்பி எக்ஸ்டென்ஷன்கள் பட்டியலில் டிக் செய்யுங்கள். எம்பிஸ்ட்ரிங், ஃபைல்இன்ஃபோ, டாம் ஆகியவையும் இருக்கின்றனவா என்று அதே கையோடு பார்த்துவிடலாம்.

## லாராவெலின் 500

லாக் தெளிவாகப் பேசும் என்பதால் இது ஒப்பீட்டில் எளிது.

‘என்கிரிப்ஷன் கீ குறிப்பிடப்படவில்லை’ என்றால் பெரும்பாலும் .என்வி கோப்பே வந்து சேரவில்லை. புள்ளியில் தொடங்கும் கோப்புகளை ஃபைல் மேனேஜர் இயல்பாக மறைத்துவிடும். செட்டிங்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள். கோப்பு இருந்து சாவி மட்டும் இல்லை என்றால், உங்கள் கணினியில் ‘கீ:ஜெனரேட் --ஷோ’ ஓட்டி, வரும் வரியை முன்னால் உள்ள ‘பேஸ்64:’ என்ற பகுதியோடு சேர்த்து ஒட்டுங்கள். அதை விட்டுவிட்டால் சாவியின் நீளம் தவறு என்று அடுத்த பிழை காத்திருக்கும்.

‘சரியான கேஷ் பாதை கொடுங்கள்’ என்று வந்தால், ஸ்டோரேஜின் ஃபிரேம்வொர்க் ஃபோல்டருக்குள் வியூஸ் என்ற ஃபோல்டர் இல்லை. காலி ஃபோல்டர்கள் ஏற்றும்போது விட்டுப்போவது வழக்கம். கேஷ், செஷன்ஸ், வியூஸ் மூன்றையும் கையாலேயே உருவாக்கிவிடுங்கள்.

லாக்கில் உங்கள் சொந்தக் கணினியின் பாதை, அதுவும் விண்டோஸின் சி டிரைவ் பாதை தெரிகிறதா? பூட்ஸ்ட்ராப்பின் கேஷ் ஃபோல்டரில் கான்ஃபிக்.பிஎச்பி என்ற கோப்பும் சேர்ந்து ஏறிவிட்டது. அந்தக் கோப்பு இருக்கும் வரை லாராவெல் .என்வியைத் திறந்துகூடப் பார்க்காது. நீங்கள் அதில் எத்தனை முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். அந்த ஃபோல்டரில் .கிட்இக்னோர் தவிர மற்ற பிஎச்பி கோப்புகளை எல்லாம் அழித்துவிடலாம், லாராவெல் தேவையானதை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். செய்ல், கொலிஷன் போன்ற நீங்கள் எங்குமே தொடாத பேக்கேஜின் சர்வீஸ் புரொவைடர் கிளாஸ் இல்லை என்று வந்தாலும் மருந்து இதேதான்: டெவலப்மென்ட் பேக்கேஜ்களின் பெயர்கள் அந்தக் கேஷில் தங்கிவிட்டன, நோ-டெவ் வெண்டாரில் அவை இல்லை.

இன்னொன்று. லாராவெல் 11 முதல் செஷன், கேஷ், கியூ மூன்றும் இயல்பாகவே டேட்டாபேஸில். டேபிள்களை உருவாக்கும் மைக்ரேஷனை ஓட்டாமல் தளத்தைத் திறந்தால் செஷன்ஸ் டேபிள் இல்லை என்று முகப்பிலேயே 500 விழும். டேட்டாபேஸே பயன்படுத்தாத நான்கு பக்கத் தளத்துக்கும் இதே கதிதான். அதற்கு செஷன் டிரைவரையும் கேஷ் ஸ்டோரையும் ஃபைல் என்று மாற்றிவிடுங்கள்.

கிளாஸ் இல்லை, வியூ இல்லை என்று வந்து, உங்கள் கணினியில் அது கண்முன்னே இருக்கிறது என்றால் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு. விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

## முகப்பு வருகிறது, மற்ற பக்கங்கள் 404

சர்வரின் 404 என்றால் .எச்டிஅக்சஸ் இல்லை, அல்லது அதை சர்வர் படிக்கவில்லை. முகவரியில் இண்டெக்ஸ்.பிஎச்பியைச் சேர்த்து, அதன் பின்னால் சாய்கோடு போட்டுப் பக்கத்தின் பாதையைக் கொடுங்கள். அப்போது திறந்தால் முகவரியைத் திருப்பிவிடும் ரீரைட் விதிதான் பிரச்சினை என்பது உறுதி. சப்ஃபோல்டரில் நிறுவியிருந்தால் ‘ரீரைட்பேஸ்’ வரியும் தேவைப்படலாம். லாராவெலின் 404 என்றால் பழைய ரூட் (முகவரிப் பாதைகள்) கேஷ் ஏறியிருக்கலாம். மேலே சொன்ன கேஷ் ஃபோல்டரைத் துடையுங்கள்.

## டேட்டாபேஸ் இணைப்பு

லாக்கில் வரும் இந்த மாதிரி வரியை நிதானமாகப் படித்தால் பாதி வேலை முடிந்தது:

எஸ்க்யூஎல்ஸ்டேட்[எச்ஒய்000] [1045] ஆக்சஸ் டினைட் ஃபார் யூசர் 'ஃபோர்ஜ்'@'லோக்கல்ஹோஸ்ட்'

ஃபோர்ஜ் என்ற பெயரை நீங்கள் எங்குமே எழுதவில்லையே? அது லாராவெல் 10 வரை கான்ஃபிக் கோப்பில் இருந்த இயல்புப் பெயர். 11 முதல் அது ரூட். அப்படி வந்தால் பாஸ்வேர்டைத் துருவவேண்டாம், .என்வியில் உள்ள யூசர்நேம் வரி படிக்கப்படவே இல்லை. எழுத்துப்பிழையா, கேஷா என்று பாருங்கள். லாராவெல் 11க்குப் பிறகு எஸ்க்யூலைட் கோப்பு இல்லை என்று வந்தாலும் பொருள் ஏறக்குறைய இதுவே, டிபி_கனெக்ஷன் வரி படிக்கப்படவில்லை.

உங்கள் சொந்தப் பயனர் பெயரே வந்து 1045 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. சிபேனல் டேட்டாபேஸுக்கும் பயனருக்கும் கணக்குப் பெயரையும் ஒரு அடிக்கோட்டையும் முன்னொட்டாகச் சேர்க்கும். அதோடு சேர்த்தே எழுதவேண்டும். பாஸ்வேர்டில் # இருந்தால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் உள்ளது குறிப்பு என்று கழன்றுபோகக்கூடும். எண் 1044 என்றால் பாஸ்வேர்டு சரி, அந்த டேட்டாபேஸில் நுழைய உரிமை இல்லை: பயனரை உருவாக்கிய பிறகு டேட்டாபேஸுடன் இணைத்து அனுமதி தரும் படியை விட்டிருப்பீர்கள்.

2002 வந்தால் டிபி_ஹோஸ்டை மாற்றிப் பாருங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்றால் இணைப்பு சாக்கெட் கோப்பு வழியாகப் போகும், 127.0.0.1 என்றால் நெட்வொர்க் வழியாக. உங்கள் ஹோஸ்டிங்கில் ஏதாவது ஒன்றுதான் திறந்திருக்கலாம்.

மைஎஸ்க்யூஎல் 8இல் எடுத்த டம்ப்பை (ஏற்றுமதிக் கோப்பை) மரியாடிபி சர்வரில் ஏற்றும்போது ‘0900_ஏஐ_சிஐ’ என்று முடியும் கொலேஷன் தெரியாது என்று நின்றுவிட்டால், டம்ப் கோப்பை எடிட்டரில் திறந்து அந்தப் பெயரை எல்லா இடத்திலும் ‘யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ’ என்று மாற்றிவிட்டு ஏற்றுங்கள். கீ நீளம் 767 பைட்டைத் தாண்டுகிறது என்றால் சர்வரில் பழைய டேட்டாபேஸ். ஒரு எழுத்துக்கு 4 பைட் வீதம் 255 எழுத்துக்கு 1020 ஆகிவிடுகிறது. ஆப்சர்வீஸ்புரொவைடரில் இயல்பு நீளத்தை 191 என்று வைத்தால் 764இல் அடங்கும்.

## ஃபார்ம் அனுப்பினால் 419

போலிக் கோரிக்கைகளைத் தடுக்க ஃபார்மில் வைக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் பொருந்தவில்லை. உங்கள் கணினியில் இதே ஃபார்ம் வேலை செய்தது என்றால் டெம்ப்ளேட்டைக் குற்றம் சொல்லவேண்டாம், செஷன் நிற்கவில்லை. ஸ்டோரேஜில் எழுத முடிகிறதா, ‘செஷன்_டொமைன்’ வரியில் பழைய டொமைன் இருக்கிறதா, ‘செஷன்_செக்யூர்_குக்கி’ ட்ரூ என்று இருந்தும் தளம் எச்டிடிபியில் திறக்கிறதா என்று பாருங்கள். லைட்ஸ்பீட் அல்லது கிளவுட்ஃபிளேர் முழுப் பக்கத்தையும் கேஷ் செய்தால், யாருக்கோ கொடுத்த டோக்கன் எல்லாருக்கும் போகும். அது சிலருக்கு மட்டும் வரும் 419. பிடிக்கக் கொஞ்சம் கஷ்டம்.

லாக்கில் ‘ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டன’ என்று இருந்தால், ஏதோ ஒரு கான்ஃபிக் அல்லது ரூட் கோப்பில் பிஎச்பி தொடக்கக் குறிக்கு முன்னால் ஒரு காலி வரியோ கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் எழுத்தோ இருக்கிறது. ஃபைல் மேனேஜரில் அவசரமாகத் திருத்திய கோப்பில் தேடுங்கள்.

## எழுத்து மட்டும் தெரிகிறது, வடிவமைப்பு இல்லை

பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். சிஎஸ்எஸ் 5173 என்ற போர்ட்டில் லோக்கல்ஹோஸ்டைத் தேடிப்போகிறது என்றால், பப்ளிக் ஃபோல்டரில் ஹாட் என்ற சிறு கோப்பும் கூடவே ஏறிவிட்டது. சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்டைத் தயார்செய்யும் வைட் கருவியின் டெவலப்மென்ட் சர்வர் ஓடும்போது உருவாவது அது, அழித்துவிடுங்கள். மேனிஃபெஸ்ட் இல்லை என்று 500 வந்தால் பில்ட் ஃபோல்டர் வரவில்லை. அதையும் கிட் சேர்க்காது. உங்கள் கணினியில் என்பிஎம் ரன் பில்ட் ஓட்டி அந்த ஃபோல்டரைத் தனியாக ஏற்றவேண்டும்.

தளம் எச்டிடிபிஎஸ், சிஎஸ்எஸ் முகவரி எச்டிடிபி என்று இருந்து பிரவுசர் தடுத்தால், நடுவில் இருக்கும் புராக்சியை (கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச் சர்வரை) லாராவெல் நம்பவில்லை என்று பொருள். டிரஸ்ட்புராக்சீஸ் அமைப்பைச் சரிசெய்யுங்கள். கிளவுட்ஃபிளேரில் எஸ்எஸ்எல் ஃபிளெக்சிபிள் என்று வைத்துவிட்டு சர்வரிலும் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பினால் பக்கம் முடிவில்லாமல் சுற்றும். சர்வரில் ஒரு சான்றிதழ் போட்டுவிட்டு ஃபுல் ஸ்ட்ரிக்ட்டுக்கு மாறுவதே நல்லது.

## ஏற்றிய படங்கள் தெரியவில்லை

ஸ்டோரேஜ் லிங்க் உடைந்திருக்கும். அந்த லிங்க்கில் முழுப் பாதை எழுதப்பட்டிருப்பதால் உங்கள் கணினியில் போட்டதை அப்படியே தூக்கி வைத்தால் வேலை செய்யாது. பழையதை அழித்துவிட்டு சர்வரில் ‘ஸ்டோரேஜ்:லிங்க்’ ஓட்டவேண்டும். டெர்மினல் இல்லையா? அதே கட்டளையைக் கிரான் ஜாபாக (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலையாக) ஒரே ஒரு முறை ஓடவிட்டு, ஓடியதும் ஜாபை நீக்குங்கள். ஆர்ட்டிசானை ஓட்ட வெப் ரூட் ஒன்று எழுதிக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. எழுதினால், அந்த முகவரி தெரிந்த யாரும் ஓட்டலாம் என்பதை மறக்காமல் வேலை முடிந்த நிமிடமே அழித்துவிடுங்கள்.

‘எக்ஸெக்’ என்ற ஃபங்ஷன் இல்லை என்று வந்தால் அந்த ஹோஸ்டிங்கில் சிம்லிங்க், எக்ஸெக் இரண்டும் முடக்கப்பட்டிருக்கின்றன. அப்போது லிங்க்கோடு மல்லுக்கட்டாமல் ஃபைல்சிஸ்டம்ஸ் கான்ஃபிக்கில் பப்ளிக் டிஸ்க்கின் ரூட்டை நேராகப் பப்ளிக் ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்டோரேஜுக்கு மாற்றிவிடலாம்.

## ஷெட்யூலர், கியூ, மெயில்

லாராவெல் ஷெட்யூலர் நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் கிரானை எதிர்பார்க்கிறது. சில ஷேர்டு திட்டங்கள் அவ்வளவு அடிக்கடி ஓட விடுவதில்லை. 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் முடியும் என்றால் உங்கள் வேலைகளின் நேரங்களும் 5இன் மடங்கில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அவை சத்தமில்லாமல் தவறிப்போகும். ‘பிராக் ஓப்பன்’ இல்லை என்ற பிழை வந்தால் ஷெட்யூலரில் கமாண்ட் என்று எழுதியதை, ‘ஆர்ட்டிசான்::கால்’ அழைப்பை உள்ளே வைத்த ‘கால்’ மெத்தடாக மாற்றுங்கள், தனி பிராசஸ் தேவைப்படாது.

வரிசையில் நிற்கும் வேலைகளைச் செய்யும் கியூ ஒர்க்கரை நிரந்தரமாக ஓடவிடமுடியாது, நடுவில் கொன்றுவிடுவார்கள். ‘ஸ்டாப்-வென்-எம்ப்டி’ விருப்பத்துடன் கிரானில் ஓட்டுங்கள். மெயிலுக்கு 25ஆம் போர்ட்டை நம்பவேண்டாம். 587 அல்லது 465.

## மிச்ச எண்கள்

எந்நேரமும் 503, அதுவும் லாராவெலின் பக்கம் என்றால் ஸ்டோரேஜின் ஃபிரேம்வொர்க் ஃபோல்டரில் டவுன் என்ற கோப்பு இருக்கும், அழியுங்கள். 413 என்றால் ஏற்றும் கோப்பு ‘போஸ்ட்_மேக்ஸ்_சைஸ்’ வரம்பைத் தாண்டியிருக்கலாம். எச்டிஎம்எல் அல்லது கோட் துண்டு உள்ள ஃபார்முக்கு மட்டும் 403 அல்லது 406 வந்தால் அது மாட்செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு வடிகட்டி. எந்த விதி தடுத்தது என்ற எண் லாக்கில் இருக்கும், அந்த ஒரு விதியை மட்டும் விலக்கச் சொல்லுங்கள், மொத்தத்தையும் அணைக்கவேண்டாம். 508 என்றால் கிளவுட்லினக்ஸ் உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய வளம் தீர்ந்துவிட்டது. சிபேனலின் ரிசோர்ஸ் யூசேஜ் பக்கம் எது தீர்ந்தது என்று சொல்லும்.

இவ்வளவுக்கும் பிறகு பழுது சர்வர் பக்கம்தான் என்று தெரிந்தால் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். ‘தளம் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் பிரவுசர் கேஷை அழிக்கச் சொல்லிப் பதில் வரும். பிழை வந்த நேரம், நேர மண்டலம், முழு முகவரி, எரர்ஸ் பக்கத்திலிருந்து அந்த ஒரு வரி, லாராவெல் லாக்கில் அந்த நேரத்தில் ஒன்றும் விழவில்லை என்ற தகவல் ஆகியவற்றோடு அனுப்பினால் முதல் பதிலிலேயே வேலை தெரிந்த ஒருவரிடம் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். பாஸ்வேர்டையோ .என்வி கோப்பையோ அந்த டிக்கெட்டில் இணைக்காதீர்கள், அவர்கள் கேட்டாலும் கூட.